மத்திய அலையில் இரைச்சல்: கம்பியை நீட்டுவதால் பயனில்லை

வணக்கம். வானொலிப் பெட்டியின் கம்பி ஆன்டெனாவை முழுவதும் நீட்டியும் மத்திய அலை (MW) நிலையம் இரைச்சலில் மூழ்கிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலையைப் பெரும்பாலான கையடக்கப் பெட்டிகளில் உள்ளே படுக்கைவாட்டில் இருக்கும், மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய கரிய ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள பீங்கான் போன்ற பொருள்) தண்டே வாங்குகிறது. அத்தண்டின் பக்கவாட்டுப் பகுதி நிலையத்தை நோக்கும்போது ஒலி வலுக்கும், முனை நோக்கும்போது ஏறக்குறைய மறைந்துவிடும் என்பதால், பெட்டியை மேசையில் வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள்; கால் சுற்றிலேயே வேறுபாடு தெரியும். அப்போதும் இரைச்சல் குறையாவிட்டால், பேட்டரியில் இயக்கியபடி செல்பேசி சார்ஜரையும் எல்இடி விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நான் முதலில் சந்தேகிப்பது சார்ஜரைத்தான். இறுதி வழியாக, வளைய ஆன்டெனா (சட்டத்தில் வளையமாகக் கம்பி சுற்றிய தனி ஆன்டெனா) ஒன்றைப் பெட்டியருகே வைத்து, அதன் குமிழை நிலையத்தின் அலைவரிசைக்கு இசைவாகத் திருகுங்கள். இரண்டுக்கும் இடையே கம்பி இணைப்பே தேவையில்லை.