கேள்வி–பதில்: பெஞ்சில் உட்கார்ந்தால் குவாட்டர்பேக் வளர்வானா?

அணியை நாமே நடத்தும் அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேம்கள் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புதுமுக குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவனைப் பற்றியவை. இந்த இதழ் முழுக்க அவனுக்கே.

கே: மேடன் வீடியோ கேமில், அணியைப் பல சீசன் நடத்தும் ஃபிரான்சைஸ் மோடில், டிராஃப்டின் (அணிகள் முறை வைத்துப் புதுமுகங்களை எடுப்பது) முதல் ரவுண்டில் ஒரு குவாட்டர்பேக்கை எடுத்தேன். ரேட்டிங் 71தான். நிஜ நட்சத்திரம் பேட்ரிக் மஹோம்ஸ்கூட முதல் வருடம் உட்கார்ந்திருந்துதானே பெரிய ஆளானார்? நானும் ஒரு சீசன் உட்கார வைக்கட்டுமா?

ப: மஹோம்ஸ் கதை உண்மை. 2017 டிராஃப்டில் 10-ஆவது ஆளாக வந்தார். அந்த சீசன் முழுக்க சீனியர் குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் இருந்து, கடைசி வாரம் டென்வருக்கு எதிராக மட்டும் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். மறு வருடம் 50 டச்டவுன் பாஸ் (எதிரணியின் கோடிக்குப் பந்தைச் சேர்த்துப் புள்ளி தரும் எறிதல்), சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது. இன்னொரு நட்சத்திரம் ஆரன் ராட்ஜர்ஸும் சீனியர் ப்ரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் 3 வருடம் காத்திருந்தார். ஆனால் அவர்கள் உட்கார்ந்த இடத்தில் கற்றது எதிரணியின் தடுப்பைப் படிக்கும் வித்தை. மேடனில் அதற்கென்று தனிக் கணக்கு கிடையாது. இங்கே வளர்ச்சி என்றால் எக்ஸ்.பி. எனும் அனுபவப் புள்ளிதான். அது பயிற்சியிலிருந்தும் ஆட்டத்திலிருந்தும் வருகிறது. பெஞ்சில் இருப்பவனுக்கு ஆட்டத்தின் பங்கு அப்படியே போய்விடும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் வளர்ச்சி வேகம் நான்கு வகை: நார்மல், ஸ்டார், சூப்பர்ஸ்டார், எக்ஸ்-ஃபேக்டர். வகை உயர உயர, திறனை ஏற்ற உதவும் ஒரு ஸ்கில் பாயின்ட்டுக்குத் தேவையான எக்ஸ்.பி. குறையும். புதுமுகத்துக்கு இது ‘ஹிடன்’ என்று மறைந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், குறைந்தது ஸ்டார் உறுதி. ஆனால் எது என்று தெரிய 500 ஸ்நாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்நாப்) ஆட வேண்டும். ஆட்டத்துக்கு 60 ஸ்நாப் என்றால் 9 வாரம். குவார்ட்டர் நேரத்தைக் குறைத்து ஆட்டத்துக்கு 40 ஸ்நாப்தான் ஆடுகிறீர்கள் என்றால் 13 வாரம். பெஞ்சிலேயே இருந்தால் உங்கள் கையில் இருப்பது யார் என்றே தெரியாமல் ஒரு வருடம் போய்விடும்.

அணியில் நல்ல சீனியர் இருக்கிறார், ப்ளே-ஆஃபுக்கும் வாய்ப்பு உண்டு என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. ப்ரீசீசன் ஆட்டங்களைப் பையனிடமே விடுங்கள், தோற்றாலும் கணக்கில் வராது. அண்மைப் பதிப்புகளில் வாராந்திரப் பயிற்சித் திரையில் குவாட்டர்பேக் வரிசைக்குப் போய், பயிற்சி வாய்ப்பை மாற்று ஆட்டக்காரர் பக்கம் திருப்பலாம். பெரிய முன்னிலை கிடைத்தால் நான்காவது குவார்ட்டரில் அவனை இறக்குங்கள். ப்ளே-ஆஃப் கனவு முடிந்த வாரமே யார் முதலில் இறங்குவது என்ற டெப்த் சார்ட் பட்டியலில் அவனை மேலே ஏற்றிவிடுங்கள்.

அப்படி ஒரு சீனியர் இல்லையா? முதல் வாரமே இறக்குங்கள். 1998-இல் பேட்டன் மேனிங் முதல் சீசனில் 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்) கொடுத்தார். புதுமுகங்களில் அது இன்றும் சாதனைதான்! பிறகு அவர் எவ்வளவு பெரிய நட்சத்திரம் ஆனார் என்று உங்களுக்குத் தெரியும்.

கே: ஸ்கில் பாயின்ட்டை எதில் போடுவது? குவாட்டர்பேக்கின் ஆட்ட வகைகளில் ஃபீல்ட் ஜெனரலா, ஸ்ட்ராங் ஆர்மா?

ப: முதலில் த்ரோ பவரை, அதாவது எறியும் வலுவைப் பாருங்கள். அது பிறவியிலேயே இருக்க வேண்டும். 90-க்கு மேல் இருந்தால் அதை மறந்துவிட்டு முதல் இரண்டு சீசனும் ஃபீல்ட் ஜெனரலில் போடுங்கள். பையனுக்கு உடனடியாகத் தேவையான துல்லியமும் அவேர்னஸும் அந்தப் பக்கம்தான் அதிகம் ஏறும். குறைந்த தூரத் துல்லியமும் நடுத்தூரத் துல்லியமும் 85-ஐத் தொடும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். 84 பவர் உள்ளவனை ஸ்ட்ராங் ஆர்மில் தள்ளி 90 ஆக்கப் பார்ப்பது பாயின்ட்டுக்குப் பிடித்த கேடு.

துல்லியம் வளரும் என்பதற்கு நிஜத்திலும் சாட்சி உண்டு. பஃபலோவின் ஜாஷ் ஆலன் 2018-இல் முதல் சீசனில் 52.8 சதவீத பாஸ்களைத்தான் சேர்த்தார். 2020-இல் அது 69.2. நிஜத்தில் இப்படி நடப்பது அபூர்வம். மேடனில் சாதாரணம்.

இரண்டு எச்சரிக்கை. இந்த இரண்டும் சேர்ந்த நான்கு ஆட்ட வகையிலும் ஒவ்வொரு பாயின்ட்டாகப் பிரித்துப் போட்டால் எதிலும் தேறமாட்டான். இரண்டாவது, உங்கள் பயிற்சியாளரின் ஸ்கீம் (ஆட்டத் திட்டம்) எந்த வகை குவாட்டர்பேக்கைக் கேட்கிறது என்று பாருங்கள். பொருந்தினால் கூடுதல் எக்ஸ்.பி. வரும். பொருந்தாவிட்டால் ஸ்கீமை மாற்றுவது எளிது, பையனை மாற்றுவது கடினம். பாயின்ட்டை விளையாட்டே போட்டுவிடும் ஆட்டோ-ப்ராக்ரஸ் ஓடிக்கொண்டிருந்தால் இந்த யோசனை எல்லாம் வீண், முதலில் அதை அணையுங்கள்.

கே: அதிகமாக சாக் (எறியும் முன்பே பந்துடன் வீழ்த்தப்படுவது) வாங்கினால் பையன் நிரந்தரமாகக் கெட்டுப்போவானா?

ப: நிஜத்தில் அந்தப் பயம் நியாயமானது. 2002-இல் புதிதாகப் பிறந்த ஹூஸ்டன் அணியின் டேவிட் கார் ஒரே சீசனில் 76 முறை விழுந்தார், பிறகு எதிர்பார்த்த உயரத்துக்கு வரவே இல்லை. மேடனில் மனசு உடைவதில்லை. ஆனால் நெருக்கடியில் எறியும் பந்து தவறும், யார்டு குறையும், அதனால் எக்ஸ்.பி. குறையும், காயமும் வரலாம். பலன் ஒன்றுதான்.

எனவே அடுத்த டிராஃப்டில், பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கு முன், குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்கும் டாக்கிளை எடுங்கள். அதுவரை மூன்று விஷயம்: டைட் எண்டையோ (வரிசையின் ஓரத்தில் நிற்கும் ரிசீவர்) ரன்னிங் பேக்கையோ (பந்தோடு ஓடுபவர்) எதிரணியைத் தடுக்க நிறுத்துங்கள். ஸ்லான்ட், ஸ்டிக், கர்ல்–ஃப்ளாட் போல இரண்டரை நொடிக்குள் பந்து கைவிட்டுப் போகும் பாஸ்களையே அழையுங்கள். ஏழு, எட்டு அடி எடுத்துப் பின்னால் ஓடும் பழக்கத்தை விடுங்கள், ஓரத்திலிருந்து பாயும் எதிரணியின் எட்ஜ் ரஷர் சுற்றி வரும் இடத்துக்கு நீங்களே போய் நிற்கிறீர்கள்.

கே: என் குவாட்டர்பேக் இடது கைக்காரன். லெஃப்ட் டாக்கிளுக்குக் காசு கொட்டலாமா?

ப: வேண்டாம், ரைட் டாக்கிளுக்குக் கொட்டுங்கள். டுவா டாகோவைலோவா, மைக்கேல் பெனிக்ஸ் போன்ற இடது கைக்காரர்களுக்குக் கண்ணில் படாத பக்கம் வலதுதான்.

கே: ‘பிரேக்அவுட்’ ஆட்டம் இரண்டு முறை வந்தும் இலக்கைத் தவறவிட்டேன்.

ப: வளர்ச்சி வகையை ஒரு படி ஏற்றும் வாய்ப்பு அது, சீசனில் அடிக்கடி வராது. அந்த ஆட்டத்தை சிமுலேட் செய்துவிட்டு நல்லது நடக்கும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், நீங்களே ஆடுங்கள். இலக்கு யார்டா, டச்டவுனா என்று படியுங்கள். யார்டு என்றால் முதல் குவார்ட்டரிலிருந்தே பாஸ்தான். கடைசியில் கணக்குப் பார்த்து ஆழமாக வீசும்போதுதான் இன்டர்செப்ஷன் விழுகிறது. டச்டவுன் என்றால், எண்ட் ஸோனுக்கு ஒரு யார்டு மிச்சம் இருந்தாலும் ரன் அழைக்காதீர்கள். பெரும்பாலானோரின் இலக்கை ரன்னிங் பேக்தான் தின்றுவிடுகிறான்.

கே: ஃபுட்பால் ஜி.எம்.மில் என் 22 வயதுப் பையனை 17 ஆட்டமும் இறக்கினேன். சீசன் முடிந்ததும் ரேட்டிங் குறைந்துவிட்டது! ஏன்?

ப: பிரவுசரில் இலவசமாக ஓடும் அந்த விளையாட்டின் விதி மேடனுக்கு நேர் எதிர். ஆடினாலும் ஆடாவிட்டாலும் வளர்ச்சி ஒன்றுதான். ப்ளே-ஆஃப் முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை, வயதையும் அதிர்ஷ்டத்தையும் வைத்து எண்கள் மாறும். உங்கள் கையில் இருப்பது பயிற்சியாளர் பட்ஜெட் மட்டும். அதை உயர்த்தி வைத்தால் கொஞ்சம் சாதகம், பலன் தெரியக் காலம் பிடிக்கும்.

ஆகவே அங்கே பெஞ்ச் தண்டனை அல்ல. வெற்றிக்கு சீனியரை இறக்குங்கள், பின்னால் இரண்டு மூன்று இளைஞர்களை மலிவாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத் திறனைச் சொல்லும் ‘பாட்’ என்ற எண் ஒரு மதிப்பீடுதான், வாக்குறுதி அல்ல. ஒருவன் சரிந்தாலும் இன்னொருவன் ஏறுவான். குவாட்டர்பேக்குகள் அங்கே தாமதமாகத்தான் முற்றுகிறார்கள், 30-ஐத் தாண்டியும் தாங்குவார்கள். 23 வயதில் ஒருவனை வெட்டிவிட்டுப் பிறகு எதிரணியில் பார்த்து வருந்தாதீர்கள்.

கே: 26 வயது புதுமுகத்தை முதல் ரவுண்டில் எடுக்கலாமா?

ப: அந்த வயதிலேயே 80 ரேட்டிங் இருந்தால் எடுங்கள். ‘வளர்த்துக்கொள்ளலாம்’ என்று எடுக்காதீர்கள். 2012-இல் க்ளீவ்லேண்ட் 28 வயது பிராண்டன் வீடனை 22-ஆவது இடத்தில் எடுத்தது. இரண்டே சீசனில் அவரை விட்டது.

கே: பையன் மலிவாக இருக்கும் வருடங்களில் பணத்தை எங்கே போடுவது?

ப: டிராஃப்டில் வந்தவருக்கு முதல் ஒப்பந்தம் 4 ஆண்டு, முதல் ரவுண்டு ஆளை 5-ஆம் ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளும் உரிமை (ஆப்ஷன்) அணியின் கையில். அந்தக் காலத்துக்குள் அவனைக் காக்கும் லைனையும் இரண்டு ரிசீவரையும் கட்டி முடியுங்கள். சான் ஃப்ரான்சிஸ்கோவின் பிராக் பர்டி 2022-இல் 262-ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்டார். அந்தச் சொற்பச் சம்பள ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு அணி மற்ற இடங்களில் நட்சத்திரங்களைச் சேர்த்து, 2023 சீசனில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை போனது. 2025-இல் அவருக்கு 5 ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் எழுத வேண்டி வந்தது. உங்கள் விளையாட்டிலும் மூன்றாவது சீசன் முடியும்போதே அப்படி ஒரு தொகைக்கு கேப்பில் (அணியின் மொத்தச் சம்பள வரம்பு) இடம் ஒதுக்கிவிட்டுத்தான் புதிய கையெழுத்துகளைப் போடுங்கள்.