அட்வான்ஸ் எப்போது கைக்கு வரும்? வாடகை வீட்டுக் கேள்விகள்

கேள்வி: மூன்று வருடம் குடியிருந்த வீட்டைப் போன மாதம் காலி செய்து சாவியையும் கொடுத்துவிட்டோம். "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன், அதிலும் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன்" என்கிறார் வீட்டுக்காரர். இது சரியா?
- சென்னை வாசகி

பதில்: சரியில்லை, அம்மா. அடுத்த ஆள் எப்போது குடி வருகிறார் என்பதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தமிழ்நாட்டில் 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017-இல் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள், 2019 பிப்ரவரியிலிருந்து அதுதான் நடைமுறை. வீடு காலியான ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்று அது சொல்கிறது. வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, நீங்கள் உடைத்த பொருள் என்று உங்கள் பக்கம் நிற்பதை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். யார் எந்த ரிப்பேரைப் பார்க்கவேண்டும் என்று அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பிரித்தே வைத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, அடைப்பெடுப்பது, இவை குடியிருப்பவர் பொறுப்பு. குடும்பம் நடத்திய வீட்டில் மூன்று வருடத்தில் சுவர் மங்கத்தான் செய்யும், அதற்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் வாடகை கொடுத்தீர்கள். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து முழுதாகப் படித்துவிடுங்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்று ஒரு வரி இருந்து, அதன் கீழே நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும்.

அட்வான்ஸ் தொகைக்கும் இதே கதைதான். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, கூடவே ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை என்றும் சேர்த்துவிட்டது. அந்தச் சில சொற்கள்தான் வாடகைக்கு வருபவரின் கையைக் கட்டிப்போடுகின்றன என்பது என் வருத்தம். பத்து மாதம் கேட்கிறவரிடம் பேரம் பேசுகிற தெம்பு வீடு தேடி அலைகிற குடும்பத்துக்கு எங்கே இருக்கும்?

சரி, இப்போது என்ன செய்யலாம்? சாவி கொடுத்த தேதி, வரவேண்டிய தொகை, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எழுதி வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். எதைக் கழித்தாலும் பில் கேளுங்கள். அப்படியும் தராவிட்டால் எங்கே மனு கொடுப்பது என்று உங்கள் பகுதிக்கான வாடகை அதிகாரியிடம் கேளுங்கள், பெரும்பாலும் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) நிலையில் உள்ள வருவாய்த்துறை அதிகாரிதான் அந்தப் பொறுப்பில் இருப்பார்.

கேள்வி: ஒரு மாத வாடகை தாமதமானதற்காக மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார்கள், இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. கைக்குழந்தை இருக்கிறது.
- மதுரை வாசகர்

பதில்: வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. இன்றைக்கே பூட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வாடகை அதிகாரியிடம் போங்கள். விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உடனே இணைப்பைக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. பாக்கி வாடகையையும் கையோடு வங்கி வழியாகச் செலுத்திவிடுங்கள், அந்த ரசீதே சாட்சி.

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். மாடியை வாய்ப்பேச்சிலேயே வாடகைக்கு விட்டேன். மூன்று மாதமாக வாடகை வரவில்லை, ஆளும் சரியாகப் பேசுவதில்லை. பூட்டை மாற்றிவிடலாமா?
- திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. அதைச் செய்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள்மேல் திரும்பும். இரண்டு மாத வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. முதலில் ஒரு வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அதன் பிறகும் பாக்கி வராவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தம் உங்களுக்குத்தான் முதலில் இடைஞ்சல். புதுச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண்ணும் வாங்கவேண்டும். பதினோரு மாதம்தானே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பதினோரு மாத ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் விடலாமே தவிர, இந்தப் பதிவிலிருந்து தப்பமுடியாது. ஒப்பந்தம் போடாததையே காரணமாகக் காட்டியும் காலி செய்யக் கேட்கலாம், அதனால் முதலில் அவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள், கேட்டதற்கான கடிதத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள். பதிவை இணையத்திலேயே செய்யலாம். அவர் ஒத்துழைக்காவிட்டாலும் நீங்கள் தனியாக விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.