கேள்வி – பதில்: ரய் நகரத்து ராஜாவும் ராஜமாதாவும்

கேள்வி: பள்ளிக்கூடத்தில் கஜினி முகமது என்றால் 17 படையெடுப்பு, சோமநாதபுரம், அவ்வளவுதான். அந்த மனிதர் மேற்குப் பக்கம் போனதே இல்லையா? (ஓர் ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: போனார். நம் பாடப்புத்தகம் முகமது என்று சொல்லும் அவரது சரியான பெயர் மகமூது. சோமநாதபுரத்தைக் கொள்ளையடித்து மூன்றே ஆண்டுகளில், 1029இல், ஈரானின் ரய் நகரத்தைப் பிடித்தார். இன்று டெஹ்ரானின் தெற்கு ஓரத்தில் அதனோடு ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. அன்று ரய்தான் மாநகரம், டெஹ்ரான் அதன் பக்கத்தில் ஒரு கிராமம். இந்தப் படையெடுப்பில் வேடிக்கை என்னவென்றால், 'என் படை என் பேச்சைக் கேட்கவில்லை, உதவிக்கு வாருங்கள்' என்று மகமூதுக்குக் கடிதம் போட்டதே அந்த ஊர் மன்னர்தான். பெயர் மஜ்துத் தௌலா.

கேள்வி: வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுக்கிற மன்னரும் உண்டா? அவ்வளவு அசடா அவர்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: அசடு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

காஸ்பியன் கடலுக்குத் தெற்கே உள்ள தைலம் மலைநாட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் பூயி வம்சத்தார். 945இல் பாக்தாதையே பிடித்து கலீபாவைக் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஷிராஸ், பாக்தாத், ரய் என்று குடும்பத்துக்குள் பங்கு போட்டு ஆண்டார்கள். பங்காளிச் சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? ரய் கிளையின் மன்னர் ஃபக்ருத் தௌலா 997இல் மலைக்கோட்டையில் திடீரென்று செத்துப்போனார். கருவூலச் சாவி கோட்டையில் இல்லை. ஊருக்குள் படைவீரர்களின் கலவரம். பிணத்தைப் போர்த்தத் துணி கிடைக்காமல் மசூதிக் காவலரிடம் ஒரு துணி விலைக்கு வாங்கியதாகவும், சண்டை முடிவதற்குள் உடல் நாறிப் போனதாகவும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அந்தக் களேபரத்தில் அரியணை ஏறியவர்தான் அவருடைய மூத்த மகன் மஜ்துத் தௌலா. அப்போது நான்கு வயது என்பது பொதுவான கணக்கு. தம்பி ஷம்ஸுத் தௌலாவுக்கு ஹமதான். இரண்டு பேர் சார்பிலும் ஆண்டவர் அவர்களுடைய தாய். ஸய்யிதா என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். தபரிஸ்தான் மலைநாட்டு அரச குடும்பத்துப் பெண்.

பையன் வளர்ந்தான். அதிகாரம் மட்டும் வளரவில்லை. 1006 வாக்கில் ஓர் அமைச்சரோடு சேர்ந்து தாயை ஓரங்கட்டப் பார்த்தார். ஸய்யிதா நேரே மேற்கே இருந்த குர்து தலைவர் பத்ரு இப்னு ஹஸன்வைஹிடம் போய்ப் படையோடு திரும்பி வந்தார். கூடவே இளைய மகன் ஷம்ஸுத் தௌலா. ரய் விழுந்தது, மூத்தவர் கோட்டைச் சிறையில், தம்பி அரியணையில். ஒரு வருஷம்தான். தம்பி சொன்ன பேச்சைக் கேட்பவர் இல்லை என்று தெரிந்ததும் அம்மா அவரை ஹமதானுக்கே அனுப்பிவிட்டு மூத்தவரை மறுபடி உட்கார வைத்தார்! இதற்கிடையில் இஸ்ஃபஹானைத் தன் தாய்மாமன் மகனிடம் ஒப்படைத்திருந்தார். என்ன சொல்ல, அந்த அம்மாளிடம் அரசியல் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் மஜ்துத் தௌலா புத்தகங்களோடு ஒதுங்கிவிட்டார். ரய் ஊரின் நூலகங்கள் பேர்போனவை. அந்தப்புரமும் சிறியதில்லை, ஐம்பதுக்கு மேற்பட்ட மனைவிகள். 1028இல் ஸய்யிதா இறந்தபோது இவருக்கு முப்பதைத் தாண்டிய வயது. பெயருக்கு 31 வருஷம் மன்னர், ஒரு நாள்கூடப் படையை மேய்த்துப் பழக்கமில்லை. சம்பளப் பட்டாளம் யாருக்கு அடங்கும்? தைலம் வீரர்கள் எகிறியதும் கண்ணுக்குத் தெரிந்த பெரிய கை மகமூதுதான். எழுதிவிட்டார். தப்பு அவருடையதுதான். ஆனால் அதில் பாதியை அந்தக் கெட்டிக்கார அம்மாவின் கணக்கில்தான் எழுதுவேன்.

மகமூதின் தளபதி வந்தார். மஜ்துத் தௌலா சிறு பரிவாரத்தோடு வரவேற்கப் போனார். அங்கேயே கைது. பிறகு மகமூதே வந்து இறங்கினார். கிடைத்தது பத்து லட்சம் தீனார், ஐந்து லட்சம் தீனார் பெறுமான நகைகள், 6,000 ஆடைகள். தத்துவ நூல்களையும், பகுத்தறிவுக்கு முக்கியத்துவம் தந்த முஸ்லிம் பிரிவான முஃதஸிலாவின் கொள்கை நூல்களையும் கொளுத்தினார்கள். மிச்சம் நூறு சுமை புத்தகங்கள் கஜினிப் பக்கம் போயின. எனக்கு வயிற்றெரிச்சல் அந்தக் கொளுத்தலில்தான்.

கைதியை முன்னால் நிறுத்தி மகமூது கேட்டதை வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் பதிவு செய்திருக்கிறார். (ஷாநாமா என்பது பாரசீக மன்னர்களின் காவியம், தபரி பழைய வரலாற்றாசிரியர்.) "ஷாநாமா படித்திருக்கிறாயா? தபரியின் வரலாறு?" "படித்திருக்கிறேன்." "படித்தவன் மாதிரி நடந்துகொள்ளவில்லையே. சதுரங்கம் ஆடுவாயா?" "ஆடுவேன்." "ஒரு ராஜா இன்னொரு ராஜாவின் கட்டத்துக்குள் போய் நீ பார்த்ததுண்டா?" "இல்லை." "பிறகு உன்னைவிட பலசாலியிடம் ஏன் வந்து சிக்கினாய்?" அதோடு தன் ஆட்சியில் இருந்த கிழக்குப் பகுதியான குராசானுக்கு அனுப்பிவிட்டார்.

கேள்வி: ஸய்யிதா உயிரோடு இருந்தவரை மகமூது ஏன் ரய் பக்கம் வரவில்லை? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: அதற்கு அழகான கதை ஒன்று உண்டு. பணிந்து போ, இல்லாவிட்டால் படை வரும் என்று மகமூது ஓலை அனுப்பினாராம். ஸய்யிதா எழுதிய பதில் இந்தக் கருத்தில்: "என் கணவர் இருந்தவரை உம்மை நினைத்துப் பயந்தேன். அவர் போனதும் பயம் போய்விட்டது. நீர் விவரமானவர். வந்து பாரும், நான் ஓடமாட்டேன். ஜெயித்தால் மகமூதை ஜெயித்தேன் என்று ஊரெல்லாம் எழுதுவேன். தோற்றால் நீர் என்னவென்று எழுதுவீர், ஒரு பெண்ணை ஜெயித்தேன் என்றா?" அண்டை நாட்டு இளவரசர் ஒருவர் பல பத்தாண்டுகள் கழித்துத் தன் மகனுக்கு அறிவுரையாகச் சொன்னது இது. அப்படியே நடந்ததாக நான் சத்தியம் செய்யமாட்டேன். இந்தியப் பக்கமும் குராசானிலும் மகமூதுக்கு வேலை இருந்தது. அதுவும் காரணம்.

கேள்வி: மருத்துவ மேதை இப்னு சீனா இதே காலத்தவர்தானே? இந்த மன்னரைச் சந்தித்தாரா? (ஒரு மருத்துவர், கோவை)

பதில்: சந்தித்தார், வைத்தியமே பார்த்தார். மகமூதின் கைக்கு எட்டாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், 1014 வாக்கில் ரய் வந்தார். மஜ்துத் தௌலாவுக்கு மனச்சோர்வு நோய். கருத்த பித்தம் என்று அக்காலத்தார் சொன்னது. வந்த கொஞ்ச நாளில் தம்பி ஷம்ஸுத் தௌலா ரய் மீது படையெடுத்தார், இப்னு சீனா கிளம்பிவிட்டார். போய்ச் சேர்ந்த இடம் அந்தத் தம்பியின் ஹமதான்! அங்கே அவர் வயிற்று வலியைக் குணப்படுத்தி அமைச்சராகவும் ஆனார். படைவீரர்கள் கலகம் செய்து இப்னு சீனாவின் தலையைக் கேட்டது தனிக் கதை.

கேள்வி: சதுரங்கம் பேசிய மகமூதின் வீட்டில் வாரிசுச் சண்டை இல்லையா? (அதே ஈரோடு வாசகர்)

பதில்: மஜ்துத் தௌலாவுக்குப் பாடம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1030 ஏப்ரலில் மகமூது இறந்தார். வாரிசு என்று அவர் குறித்திருந்த மகன் முகமதை, இன்னொரு மகன் மசூத் அதே ஆண்டு இறக்கிக் கண்ணைப் பறித்தார். 1040இல் செல்ஜூக்கியர் என்ற துருக்கியக் கூட்டத்தாரிடம் தோற்று மசூத் இந்தியப் பக்கம் ஓடிவரும் வழியில் அவர் படையே கலகம் செய்து, அந்தக் குருட்டு முகமதை மன்னராக்கியது. மசூத் கொல்லப்பட்டார். பிறகு மசூதின் மகன் வந்து முகமதைக் கொன்றார். ரய் நகரம் செல்ஜூக்கியர் கைக்குப் போய்விட்டது.