கேளுங்கள் சொல்கிறோம்: நீர்மூழ்கிப் படங்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: 'காஸி' படத்தில் வருவதுபோல அந்தப் பாகிஸ்தான் நீர்மூழ்கியை இந்திய நீர்மூழ்கிதான் அடித்ததா? வீட்டில் இதனால் பெரிய வாக்குவாதம். (வாசகர், பரந்தன்)

பதில்: காஸி 1971 டிசம்பர் தொடக்கத்தில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது உண்மை, எப்படி என்பதில்தான் இழுபறி. ராஜ்புத் என்ற நாசகாரிக் கப்பல் போட்ட ஆழ்வெடிகள் என்கிறது இந்தியக் கடற்படை. உள்ளே நடந்த வெடிப்பு, இல்லாவிட்டால் அது தானே விதைத்த கண்ணிவெடி என்கிறது பாகிஸ்தான். இரண்டு கதையிலும் இன்னொரு நீர்மூழ்கி கிடையாது, அந்தத் துரத்தல் முழுக்கச் சினிமா. இரண்டு நீர்மூழ்கிகளும் தண்ணீருக்கடியில் இருக்க ஒன்று மற்றதை மூழ்கடித்ததாகப் பதிவானது ஒரேயொரு தடவைதான்: 1945 பெப்ரவரி, நோர்வேக் கரையோரம், பிரித்தானியாவின் வெஞ்சரர் ஜேர்மனியின் யு-864ஐ அடித்தது.

கேள்வி: நான் பார்த்த படங்களில் நீர்மூழ்கிக்குள் ஓடிப்பிடித்து விளையாடலாம் போல இடம் இருக்கிறது. நம்பும்படியாக ஒன்று சொல்லுங்கள். (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: 1981இல் வந்த ஜேர்மன் படம் 'டாஸ் போட்', இரண்டாம் உலகப் போரில் யு-96 என்ற ஜேர்மன் நீர்மூழ்கியின் கதை. அந்த ரகப் படகின் நீளம் 67 மீற்றர், ஆட்கள் ஐம்பது அளவில், கழிப்பறை இரண்டு, அதிலும் ஒன்றைப் பயணத் தொடக்கத்தில் சாப்பாட்டுச் சாமான் போட்டு அடைத்துவிடுவார்கள். முகம் வெளிறியிருக்க வேண்டும் என்று நடிகர்களை வெயில் படாமல் வைத்திருந்தார்கள், காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுத்ததால் தாடியும் நிஜமாகவே வளர்ந்தது. மற்றப் படங்கள் மறைக்கிற இன்னொன்று, அந்தக் காலத்து நீர்மூழ்கி அதிக நேரம் ஓடியது மேலேதான். மேலே டீசலில் மணிக்கு 17 கடல் மைல் போகும் அது, கீழே மின்கலத்தில் ஏழுக்குச் சற்று மேல்தான், அதுவும் கொஞ்ச நேரம். ஆனால் எனக்கு அந்தப் படத்தை நம்ப வைத்தது அளவுகள் இல்லை, மேலே எதிரிக் கப்பல் வட்டமடிக்கும்போது கீழே ஒருவரும் ஒன்றும் செய்யாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான். பங்கருக்குள் குந்தியிருந்து, ஷெல் குத்தும் சத்தம் கேட்டதும் அது விழும் வரைக்கும் வாய்க்குள் எண்ணியவர்களுக்கு அந்த முகங்களை விளங்கப்படுத்தத் தேவையில்லை, அப்போது யாரும் வீர வசனம் பேசுவதில்லை. சரி, அதிலும் முடிவு கற்பனைதான்: படத்தில் லா ரொஷெல் துறைமுகத்தில் அழியும் யு-96, உண்மையில் 1945 மார்ச்சில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் அமெரிக்கக் குண்டுவீச்சில் போனது.

கேள்வி: 'யு-571' படத்தில் ஜேர்மனியர் இரகசியச் செய்தி எழுதிய எனிக்மா இயந்திரத்தை அமெரிக்கர்கள் பறிக்கிறார்களே? (வாசகர், முள்ளியவளை)

பதில்: பச்சைப் பொய். 1941 மே 9 அன்று யு-110க்குள் இறங்கி அதை எடுத்தவர்கள் பிரித்தானியாவின் புல்டோக் கப்பல்காரர்கள், அமெரிக்கா போருக்கு வந்ததே அந்த டிசம்பரில்தான். தாடியும் கழிப்பறையும் பிழைத்தால் விட்டுவிடலாம், ஒருத்தன் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை இன்னொருத்தன் பெயரில் எழுதுவதை எப்படி விடுவது? பிரித்தானியப் பாராளுமன்றத்திலேயே இதைக் கண்டித்துப் பேசினார்கள். உண்மையான கப்பல்களின் பெயரைப் படத்தின் கடைசியில் போடத்தான் செய்கிறார்கள், அதற்குள் பாதிப்பேர் எழும்பிப் போயிருப்பார்கள்.