ஏழு வயதில் மார்பு மொட்டு: ஸ்கேனுக்குப் போகலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. மூன்று மாதமாக மார்புக் காம்புக்கு அடியில் காசு மாதிரி கட்டியாக இருக்கிறது. கிளினிக்கில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். உள்ளே ஏதாவது விட்டு எடுப்பார்களா? மாமியார், “சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம், கோழியை நிறுத்து, சரியாகிவிடும்” என்கிறார்.

பதில்: போங்கள். உள்ளே எதுவும் விட மாட்டார்கள்; அதை மாமியாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சிறுமிகளுக்கு அடிவயிற்றின் மேல்தான் எடுப்பார்கள். பாவாடையைக் கொஞ்சம் இறக்கி, ஜெல் தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை நகர்த்திப் பார்ப்பார்கள். ஜெல் சில்லென்று இருக்கும், பிள்ளைகள் பெரும்பாலும் அதற்குத்தான் சிணுங்கும். இது ஒலி அலை, கதிர்வீச்சு கிடையாது. பெண் ஊழியர்தான் வேண்டும் என்றால் பதியும்போதே கேளுங்கள்.

காரியம் கெடுவது தண்ணீரில்தான். கர்ப்பப்பை மூத்திரப்பைக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் குடல் வந்தால் அதிலுள்ள காற்று ஒலியை மறித்துவிடும். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடலை ஒதுக்கிவிட்டு ஜன்னல் போல வழி விடும். வீட்டிலேயே குடிக்க வைத்துப் பஸ் ஏற்றினால், ஈப்போ போய் இறங்கியதும் பிள்ளை ஓடுவது கழிவறைக்குத்தான். ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று கிளாஸ் வெறும் தண்ணீர் கொடுங்கள் (அவர்கள் கையில் கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அதன்படியே). துடிக்கிற அளவுக்கு நிரப்பவும் வேண்டாம். அழுத்தத்தில் கர்ப்பப்பையே நசுங்கித் தெரியும்.

சரி, திரையில் என்ன தேடுகிறார்கள்? வயதுக்கு முன்பே பருவம் தொடங்கிவிட்டதா என்பதைத்தான். பருவமடையாத பிள்ளையின் கர்ப்பப்பை ஒரு சின்னக் குழாய். நீளம் பொதுவாக 3.5 சென்டிமீட்டருக்குள், கழுத்துப் பகுதிதான் தடிமன். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதும் மேல்பகுதி பருத்து, தலைகீழாகப் பிடித்த ஜம்பு போல ஆகிவிடும். நடுவே உட்சவ்வு வெள்ளைக் கோடாகத் தெரியும். சினைப்பைகளும் பெரிதாகும். அறிக்கையில் ‘சிறு நீர்க்குமிழ்கள்’ என்று இருந்தால் பதற வேண்டாம், ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தவை இந்த வயதிலும் இயல்புதான். ஒரு பக்கச் சினைப்பையில் மட்டும் பெரிய நீர்க்கட்டியோ திடக்கட்டியோ இருந்தால் கதை வேறு. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அதுவே ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கலாம். கத்தி, மயக்க மருந்து எதுவும் இல்லாமல் அதைப் பிடித்துவிடலாம் என்பதே ஸ்கேனின் பெரிய லாபம்.

ஆனால் ‘ஸ்கேன் நார்மல்’ என்று கேட்டதும் டாக்டரைப் பார்க்காமல் பஸ் பிடித்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் மார்பு மாறியிருக்கும், கர்ப்பப்பை இன்னும் மாறியிருக்காது. என் பார்வையில் ஸ்கேன் ஒரு சாட்சி மட்டும்தான். எலும்பின் வயதைக் காட்டும் இடதுகை எக்ஸ்ரே, பருவத்தைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனை அளக்கும் இரத்தப் பரிசோதனை, ஒரு வருடத்தில் எவ்வளவு உயர்ந்தாள் என்ற கணக்கு, எல்லாம் சேர்ந்தால்தான் தீர்ப்பு. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தையும் பள்ளியில் உயரம் அளந்த குறிப்பு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். பருவம் வேகமாக முன்னேறினால் எலும்பும் சீக்கிரம் முற்றும். இன்று வகுப்பில் உயரமாக நிற்பவள் பிற்பாடு குட்டையாகவே நின்றுவிடலாம். அதை நிறுத்தி வைக்க ஊசி இருக்கிறது, மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ. எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. மெதுவாகப் போகிற பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டு இருந்தாலே போதும்.

கோழியை நிறுத்தினால் இந்த மார்புக் கட்டி கரையாது. உடல் பருமனான பெண் பிள்ளைகள் சற்று முன்னதாகப் பருவமடைவது உண்மை, அதனால் இனிப்புத் தண்ணீரைக் குறைத்தால் நல்லது. கட்டி ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி வருவது சகஜம். பயந்துபோய் அதை அமுக்கவோ ஊசி குத்தவோ வெட்டி எடுக்கவோ விடாதீர்கள், மார்பு வளர வேண்டிய முளையே அதுதான்.

மொட்டு தெரிந்து மாதவிடாய் வரச் சாதாரணமாக இரண்டு, இரண்டரை வருடம் ஆகும். அதற்குள் உள்ளாடையில் இரத்தம் பட்டாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ ஆஸ்பத்திரித் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள், மாமியார் சடங்குக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால்.