பதினான்கு ஆம்ப்யூல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிறுநகர மருத்துவமனைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எமர்ஜென்சியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அடுத்த மாதம், விடுப்பில் போகும் ஒரு மருத்துவருக்குப் பதிலாக இரண்டு வாரம் லோக்கமாகப் போகிறேன். இருபது படுக்கை. இரவில் நான் ஒருவன்தான். பெரிய மருத்துவமனை நான்கு மணி நேரத் தொலைவில். போவதற்குள் எதைப் படிக்க வேண்டும்? எதைக் கையில் எடுத்துப்போக வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

படிப்பதைப் பிறகு பார்க்கலாம். எமர்ஜென்சியில் மூன்று வருடம் நின்றவருக்கு நோய்கள் தெரியும். தெரியாதது அந்தக் கட்டடம். பெரிய ஆஸ்பத்திரியில் ‘அட்ரினலின்’ என்று குரல் கொடுத்தால் மருந்து கைக்கு வந்துவிடும். அங்கே அது எந்த அலமாரியில் இருக்கிறது, அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் இரவில் எங்கே தூங்குகிறார் என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதி.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, விடுப்பில் போகிறவரிடம் போனில் பேசிவிடுங்கள். எல்லாக் கேள்வியையும் ‘இரவு பத்து மணிக்கு மேல்’ என்று தொடங்குங்கள். லேப் உண்டா? எக்ஸ்ரே எடுக்க ஆள் வருவாரா? ரத்தம் எத்தனை யூனிட், என்ன குரூப்? மயக்க மருந்து கொடுக்க யாராவது இருக்கிறார்களா? ஆம்புலன்ஸ் ஒன்றா, இரண்டா? ஒன்றுதான் என்றால் அது கிளம்பித் திரும்ப எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் இன்னொரு நோயாளி வந்தால் என்ன வழி? ‘எல்லா வசதியும் இருக்கிறது’ என்ற பதிலை நம்ப வேண்டாம். பகலில் இருப்பதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் ஒரு மணி நேரத்தை வார்டு ரவுண்டுக்குக் கொடுக்காதீர்கள். மூத்த நர்ஸைக் கூட்டிக்கொண்டு எமர்ஜென்சி டிராலியை உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள். லாரிங்கோஸ்கோப்பில் (மூச்சுக்குழாய் போடும்போது தொண்டைக்குள் பார்க்கும் கருவி) பிளேடை மாட்டி விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சக்‌ஷன் (சளியை உறிஞ்சும்) மெஷினை ஓடவிட்டு, குழாய் நுனியை விரலால் அடைத்தால் மீட்டர் முள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பெரும்பாலும் பாட்டில் மூடி சரியாகப் பொருந்தியிருக்காது. கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் அம்பு பேகுக்குக் குழந்தை மாஸ்க் இருக்கிறதா? டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) பேடுகளின் காலாவதித் தேதி என்ன? அடுத்தது ஃபிரிட்ஜ். கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின், மூச்சுக்குழாய் போடத் தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் இரண்டும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் சூடேறிய ஆக்சிடோசின் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், வேலைதான் செய்யாது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காதபோது, கர்ப்பப்பை சுருங்க மறுக்கிறது என்றுதான் நினைப்பீர்கள், ஆம்ப்யூலைச் சந்தேகிக்கத் தோன்றாது.

ஆக்சிஜன் கணக்கை அன்றைக்கே போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் நீர்க்கொள்ளளவை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் (பார் அளவில்) பெருக்கினால் கையிருப்பு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 10 லிட்டர் சிலிண்டர் 150 பாரில் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் 100 நிமிடத்தில் தீரும். நான்கு மணி நேரப் பயணத்துக்கு 3,600 லிட்டர். பஞ்சர், மழை, மூடிய ரயில்வே கேட் இதற்கெல்லாம் பாதி சேர்த்தால் 5,400. அதாவது நான்கு சிலிண்டர். வண்டியில் பெரும்பாலும் இருப்பது ஒன்று! சிலிண்டர் சாவியும் ரெகுலேட்டருக்கு மாற்று வாஷரும் சிலிண்டரோடு கட்டித் தொங்க வேண்டும். சிலிண்டர் நிறைந்திருந்தும் திறக்க முடியாமல் போவது சாவி இல்லாததால்தான்.

அதேபோல மக்னீசியம் சல்பேட்டையும் எண்ணிப் பாருங்கள். வலிப்போடு வரும் கர்ப்பிணிக்கு முதல் தவணை 14 கிராம். 50 சதவீதக் கரைசலில் 2 மில்லி ஆம்ப்யூல் ஒன்றுக்கு 1 கிராம் என்றால் பதினான்கு ஆம்ப்யூல் வேண்டும். நான்கு ஆம்ப்யூலை (8 மில்லி) 12 மில்லி சலைனோடு கலந்து, 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ரத்தக்குழாயில் செலுத்த வேண்டும். மீதிப் பத்தில் ஒவ்வொரு பிட்டத்துக்கும் ஐந்து, தசையில் ஆழமாக. ஊசி வலிக்கும் என்று, ரத்தக்குழாயில் தொடர்ந்து செலுத்தும் பம்ப் முறையை விரும்புகிறவர்கள் உண்டு. குலுங்கும் வண்டியில், பேட்டரி எப்போது போகும் என்று தெரியாத பம்பைவிடத் தசையில் போட்டு அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது, அடுத்த தவணைக்கு நான்கு மணி நேரம் இருக்கிறது. கூடவே 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி போக வேண்டும். முழங்காலைத் தட்டினால் கால் உதறும் அனிச்சை மறைந்தால் மக்னீசியத்தை நிறுத்திவிட வேண்டும். மூச்சு மந்தமானால் கால்சியத்தை மெதுவாகக் கொடுத்து, பேகால் மூச்சுக்குத் துணை செய்ய வேண்டும். கூடப் போகிற நர்ஸுக்கு இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

தூரம் உங்கள் முடிவுகளை மாற்றும். மாரடைப்பு என்று ஈசிஜி சொல்கிறது, 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வழியில்லை. அப்படியென்றால், தடை எதுவும் இல்லாத பட்சத்தில், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே தொடங்கிவிட்டு அனுப்ப வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்று படுக்க வைக்கும் நோயாளியை இங்கே மதியமே அனுப்பிவிடுவது நல்லது, இரவு இரண்டு மணிக்கு மோசமானால் விடிந்த பிறகுதான் போய்ச் சேருவார். நினைவு தேய்ந்துகொண்டே வருகிறவருக்கு மூச்சுக்குழாயை வண்டி ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும். வழியில் இருட்டில் போடுவது நடக்காத காரியம். விமானத்தில் அனுப்பும் ஊரானால் நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் தங்கிய காற்றை வெளியேற்ற முதலிலேயே குழாய். 8,000 அடி உயரத்துக்குச் சமமான கேபின் அழுத்தத்தில் அந்தக் காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரியும்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யும்போது கதையை முதலிலிருந்து சொல்லாதீர்கள். ‘நோயாளியை அனுப்ப வேண்டும், ஐசியூ படுக்கை வேண்டும்’ என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும், காரணம் அதற்குப் பிறகு. பேசியவர் பெயரையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வெளிநோயாளிகள். பழைய சீட்டைப் பார்த்ததும் மருந்தை மாற்றக் கை துறுதுறுக்கும். ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரக வேலையைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அப்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால் சில நாளிலேயே ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறும். அதை யார் பார்ப்பார் என்று தெரியாமல் எழுதக் கூடாது. தவறான மருந்து என்றால் நிறுத்துங்கள். ‘இதைவிட நல்லது’ என்று தோன்றினால் திரும்பி வருபவருக்குக் குறிப்பு எழுதி வையுங்கள்.

காப்பீட்டைப் பற்றிப் பலரும் கேட்பதே இல்லை. பாலிசி எந்த வகை என்று பாருங்கள். சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தாலே போதும் என்பது ஒரு வகை. புகார் வரும் நாளிலும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது வகை என்றால், நீங்கள் கிளம்பிப் பல மாதம் கழித்து வரும் புகாருக்குத் தொடர் காப்பு தனியாக வாங்க வேண்டியிருக்கும். அடிதடி, விபத்துக் காயங்களை அளந்து எழுதுங்கள்: நீளம், அகலம், எந்தப் பக்கம், எந்த எலும்பு முனையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர். நீதிமன்றம் அழைக்கும் நாளில் உங்களுக்கு அந்த முகம்கூட நினைவிருக்காது.

எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். தலையில் மாட்டும் டார்ச், உங்கள் ஸ்டெதஸ்கோப், குழந்தைகளின் எடைவாரி மருந்தளவு அட்டை. எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும், நெட்வொர்க்கை நம்பிப் போகாதீர்கள். படிக்க நேரம் கிடைத்தால், நீங்கள் வெகுநாளாகச் செய்யாததைப் படியுங்கள்: தோள் சிக்கிய பிரசவம், கையால் நஞ்சுக்கொடி எடுப்பது, எலும்புக்குள் ஊசி போடுவது.

கடைசி நாளுக்கு ஒரு தாள் மிச்சம் வையுங்கள். வராத லேப் ரிப்போர்ட்டுகள், யாருடையது, வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். அனுப்பிய நோயாளிகள் என்ன ஆனார்கள். எது பழுது, எது தீர்ந்தது. லாரிங்கோஸ்கோப் பேட்டரியை மாற்றியிருந்தால் அந்தத் தேதியையும் அதில் எழுதிவிடுங்கள்.