மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது: காரணம் என்ன?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. கீழ்க்கோடியில் வருஷம் முழுக்க ஈரம் காயாத கோரைப்புல் சதுப்பு. மண் கருகருவென்று இருப்பதால் மிளகு வைக்கலாம் என்று மூன்று வருஷத்துக்கு முன் ஜேசிபி விட்டு நடுவில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தேன். அதிலிருந்து, மே மாதக் கோடை மழைக்குக்கூட கீழே ஓடும் ஓடை பால் ஊற்றாத டீ மாதிரி வருகிறது. வாடை ஏதும் இல்லை, மீன் குஞ்சுகளும் ஓடுகின்றன. பக்கத்துத் தோட்டத்தில் காபிக் கழுநீர் திறந்து விடுகிறார்களோ என்று சந்தேகம். இந்தத் தண்ணீரை மாட்டுக்கும் வீட்டுக்கும் மருந்து அடிக்கவும் எடுக்கலாமா?

பதில்: வணக்கம். முதலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிடுங்கள். நம் மலையில் பழம் பறித்து பல்பிங் செய்வது, அதாவது தோலை உரித்துக் கொட்டையைக் கழுவுவது, பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. அந்தக் கழுநீர் கலந்தால் புளித்த வாடை அடிக்கும், நுரை கட்டும், மீன் செத்து மிதக்கும். மே மாதத்தில் வாடையில்லாமல் வரும் நிறம் உங்கள் சதுப்பிலிருந்துதான் வருகிறது.

ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். அடியில் வண்டல் தங்கி மேலே தெளிந்தால் அது வெறும் மண் கலங்கல். காலையிலும் அதே பழுப்பு இருந்து, டம்ளருக்குப் பின்னால் பிடித்த பேப்பரின் எழுத்தும் படிக்க முடிந்தால், அது தண்ணீரிலேயே கரைந்துவிட்ட பொருள். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் என்று போடுகிறார்களே, அதுதான் கரைந்து ஓடுகிறது.

நாற்றங்காலுக்கு வாங்கும் தென்னை நார்க்கழிவைக் கழுவியிருப்பீர்கள். எத்தனை தடவை அலசினாலும் பழுப்புச் சாறு இறங்கிக்கொண்டே இருக்கும். சதுப்பும் அப்படித்தான். தண்ணீர் நிற்கும் இடத்தில் மண்ணுக்குள் காற்று போகாது, அதனால் விழுந்த இலையும் வேரும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேரும். பல ஆயிரம் வருஷம் இப்படிச் சேர்ந்து திரண்டதைத்தான் பீட் மண் என்கிறோம். உலக நிலப்பரப்பில் அது சுமார் 3 சதவீதம்தான். ஆனால் மண்ணில் இருக்கும் மொத்தக் கரிமத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குள் அடங்கியிருக்கிறது. நீலகிரி மேல்மலைப் பள்ளத்தாக்குகளில் 20,000 வருஷத்துக்கு மேல் பழமையான பீட் உண்டு. உங்களுடையது அவ்வளவு ஆழமாக இருக்காது, ஆனால் நடக்கும் வேலை ஒன்றுதான்.

நீங்கள் கால்வாய் வெட்டியதும் நீர்மட்டம் இறங்கியது, காற்று உள்ளே போனது. அதுவரை தூங்கிக்கிடந்த நுண்ணுயிர்கள் கருப்பு மண்ணைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. கோடை முழுக்கச் சிதைந்து கிடந்ததை முதல் மழை கழுவி ஓடைக்குக் கொண்டுவருகிறது. எதை நம்பி மிளகு வைக்க நினைத்தீர்களோ, அந்த மண்தான் இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வருத்தமே அதுதான்.

ஆகவே கால்வாயை மூடுங்கள். முழுக்க நிரப்ப வேண்டியதில்லை. சாக்கில் மண் நிரப்பி, கல் அண்டை கொடுத்து, சரிவுக்கு ஏற்ப ஐந்தாறு இடத்தில் தடுப்பு வையுங்கள். நீர்மட்டம் தரையிலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள் ஏறி நின்றால் போதும். தடுத்த உடனே நிறம் குறையவில்லையே என்று பிரித்துவிடாதீர்கள். ஏற்கெனவே சிதைந்தது கரைந்து தீரும்வரை பழுப்பு முன்னைவிடக் கூடுதலாகவும் தெரியலாம். மிளகைச் சதுப்பில் வைக்காமல் மேட்டில் இருக்கும் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றுங்கள். வேரில் தண்ணீர் நின்றால் கொடி வாடல் நோயில் போய்விடும்.

இன்னொன்று, காபிக்குச் சுண்ணாம்பு போடும்போது சதுப்பு ஓரத்தை விட்டுப் போடுங்கள். சுண்ணாம்பால் மண்ணின் புளிப்பு (அமிலத்தன்மை) குறையக் குறைய இந்தப் பழுப்புப் பொருள் அதிகம் கரையும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அமில மழை குறைந்த பிறகு பல ஓடைகள் பழுப்பேறியதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று கண்டிருக்கிறார்கள்.

பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு இந்தத் தண்ணீரைத் தாராளமாக எடுக்கலாம், துணியில் வடிகட்டினால் சரி. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு உப்பு) போடுகிறோம். இந்தப் பழுப்பு பிடித்துவைக்கும் செம்பு அதில் ஒரு பொருட்டே இல்லை.

வீட்டுக்கு என்றால் கவனம் தேவை. நிறமுள்ள தண்ணீரில் நேராக பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். குளோரினை இந்தக் கரிமம் பிடித்துக்கொள்வதால் கிருமி சரியாகச் சாகாது. இரண்டும் சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற கெட்ட சேர்மங்களும் உண்டாகும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடித்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள். மேட்டில் ஊற்று இருந்தால் அதை எடுப்பது இன்னும் நல்லது.

மாடுகளுக்கு இந்த நிறத்தால் தொந்தரவில்லை. ஆனால் அவற்றைச் சதுப்புக்குள் இறக்கி மேய விடாதீர்கள். அங்கே இருக்கும் நத்தைகள் வழியாக ஈரல் தட்டைப்புழு பரவும். ஓடையிலிருந்து ஒரு குழாய் இழுத்து, மேட்டில் தொட்டி கட்டித் தண்ணீர் காட்டுங்கள். மாடு ஏற்கெனவே அங்கே மேய்ந்திருந்தால், சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.